ஐயாயிரம்

"கையெழுத்துப் போடும்மா, விஷயம் இதோட முடிஞ்சிடும்" என்று கம்பெனி முதலாளி வக்தி பேனாவை நீட்டினார். தப்பு முழுக்கத் தன்னுடையதுதான் என்று ஷைமா ஒப்புக்கொள்ளும் கடிதம் அது. போட்டால், தன்தா ஊரில் இனி எந்தக் கோழிப் பொரிப்பகமும் அவளைத் தன் இயந்திரத்தைத் தொட விடாது. எதிரே ஹாஜியார் மெத்வல்லி உட்கார்ந்திருந்தார். அவருடைய பதினோராயிரம் முட்டைகள் நேற்று ஓட்டுக்குள்ளேயே வெந்து போயிருந்தன. அவர் அங்கியில் இன்னும் அந்த நாற்றம் இருந்தது.

பொரிப்பு இயந்திரத்தில் எட்டு வருஷமாகக் கோளாறில்லாமல் ஓடிய நிரல் ஷைமாவுடையது. வெப்பத்தைப் பார், குறைந்தால் ஹீட்டரைப் போடு, கூடினால் அணை, ஐயாயிரம் தூங்கு, மறுபடி எழுந்து பார். பழைய கணினிக்கு ஆயிரம் என்றால் ஒரு நொடி. ஆக ஐந்தே நொடித் தூக்கம். நேற்று அவள் விடுப்பில் இருந்தபோது வக்தி அதைப் புதிய கட்டுப்பாட்டு போர்டுக்குத் தானே மாற்றினார். புதியது முழு நொடியாக எண்ணும் ஜாதி. கட்டளையை மாற்றிய பெரிய மனுஷர் எண்ணை மாற்றவில்லை. ஹீட்டர் ஒரு தடவை எரிந்ததைப் பார்த்ததும் வீட்டுக்குக் கிளம்பிவிட்டார்.

"புரோகிராம் எழுதினது யாரு? இவதானே? அப்புறம் என்ன பேச்சு?" என்றார் வக்தி.

ஷைமா பேனாவைத் தொடவில்லை. பொரிப்பகத்திலிருந்து கழற்றி வந்த போர்டை மேசையில் வைத்து மின்சாரம் கொடுத்தாள். வெப்பத்தைப் பார்க்கும் ஒவ்வொரு தடவையும் அதன் பச்சை விளக்கு மின்னும். ஒருமுறை மின்னி அணைந்தது.

"அடுத்து எப்ப முழிக்குதுன்னு நீங்களே பாருங்க, ஹாஜியார். நான் எழுதினபடி இருந்தா அஞ்சு நொடி. இவரு கை வச்ச லட்சணத்துக்கு ஒண்ணேகால் மணி நேரத்துக்கு மேல. அதுவரைக்கும் போட்ட ஹீட்டர் அணையாது."

"ஹாஜியாருக்கு வேற வேலை இல்லையா?" வக்தி எழுந்தார்.

"உக்காருங்க!" அந்தக் குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. "அவ்வளவு நேரம் முட்டை வெந்துச்சில்ல? நீங்களும் வேகுங்க."

ஐந்து நொடி போயிற்று. பத்தும் போயிற்று. வக்தி வயரைப் பிடுங்கக் கை நீட்டினார். ஹாஜியார் அந்தக் கையைப் பிடித்து மேசையோடு அழுத்தினார். மறு கையைப் பல்லருகே கொண்டுபோய்க் கடிகார வாரைக் கடித்து அவிழ்த்து, விளக்கின் பக்கத்தில் வைத்தார்.

"டீ சொல்லும்மா" என்றார். "ஒண்ணேகால் மணி நேரம் உக்காரணும், ரெண்டு தடவைக்குச் சேர்த்தே சொல்லிடு."

டீ வந்தது, ஆறியது. புதினா இலைகள் கண்ணாடித் தம்ளரின் அடியில் படிந்தன. வக்தியின் கை ஹாஜியாரின் கைக்குக் கீழேயே வியர்த்துக் கிடந்தது. விளக்கு எரியவில்லை.