இறக்கைக்கு லேசு

ரியோஆச்சாவுக்குக் கிழக்கே, கடலோர ஓடுதளத்தில் விமானத்தின் இறக்கையைத் தின்றுகொண்டிருந்த வெள்ளை அரிப்பு, இன்ஸ்பெக்டர் உபல்தினா ரோப்லெஸ் அதை ‘லேசு’ என்று பொய்யாக எழுதிக் கையெழுத்திட்ட செவ்வாய்க்கிழமை காலை, அவளுடைய இடது முழங்கைக்கு மாறியது. இறக்கை புதுசாகப் பளபளத்தது. பொடியைச் சுரண்டி, பளிச்சென்ற உலோகம் தெரிந்தபின் பள்ளத்தின் ஆழத்தை அளந்து, லேசு, நடுத்தரம், கடுமை என்று மூன்றில் ஒன்றை எழுதுவதுதான் அவள் வேலை. ‘கடுமை’ என்றால் விமானம் பறக்காது. இருந்ததோ ஒரே விமானம், அதன் விமானியோ அவள் கணவன் சில்வியோ. வேறெங்கும் அவனுக்கு வேலை கிடைக்காது என்பதால் அன்றிலிருந்து ஒன்பது வருஷம் ‘லேசு’ என்றே எழுதினாள்.

முதலாளி கசியானோ இறக்கைக்குப் புதுத் தகடு வாங்குவதையே நிறுத்திவிட்டார். “உனக்கு உடம்பு கெட்டி, தாயி. இறக்கைக்கு அது இல்லையே,” என்பார். ஊர்ப் பெண்கள் ஓட்டை விழுந்த அலுமினியப் பானைகளைக் கொண்டுவந்து, அவற்றுக்கும் ‘லேசு’ எழுதி வாங்க வரிசையில் நின்றார்கள். வெட்கங்கெட்ட ஊர். காற்றடித்தால் ஓட்டை விழுந்த அவள் தோள் விசிலடித்தது. முதலாளி தன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டார்.

ஒரு வியாழக்கிழமை அவளுடைய கால் முறிந்தது. அவளையும் முறைப்படி சோதிக்க வேண்டும் என்றார் கசியானோ. சோதனை உரிமம் வைத்திருந்த இன்னொரு ஆள் சில்வியோதான்.

“லேசுன்னு எழுதிடு சில்வியோ. எனக்குச் சரியாயிடும். உனக்கு வந்தாலும் நீ தாங்குவ. ஒன்பது வருஷம் நான் எழுதலையா?”

“எழுதாம எங்க போறேன்? மொதல்ல ஒழுங்கா அளக்க விடு.”

அவன் மென்மையாகத்தான் சுரண்டினான். இடுப்பில், தோளில், தொண்டைக்குக் கீழே என்று ஒவ்வொரு பள்ளமாக அளந்தான். அவள் குழந்தைபோல நம்பிக்கையோடு அவன் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் தன் வழவழப்பான கைகளை ஒருமுறை திருப்பிப் பார்த்துவிட்டு, ‘கடுமை. சேவையிலிருந்து நீக்கவும்’ என்று எழுதினான். அந்த ஓடுதளத்தில் ஒன்பது வருஷத்துக்குப் பின் எழுதப்பட்ட முதல் உண்மை அது.

உபல்தினா தாளை வாங்கி, பழக்க தோஷத்தில் ஆழங்களை ஒவ்வொன்றாகச் சரிபார்த்தாள்.

“அளவு சரிதான்,” என்றாள்.

அவளைக் கொட்டகைக்குப் பின்னால் எப்போதோ கழித்துக் கட்டிய பழைய இறக்கைகளோடு சாய்த்து வைத்தார்கள். இறால் ஏற்றிய விமானம் பத்து மணிக்குச் சில்வியோவுடன் கிளம்பியது. திங்கட்கிழமை சாந்தா மார்த்தாவிலிருந்து புது இன்ஸ்பெக்டர் வந்தாள். பானை வைத்திருந்தவர்கள் அவளுக்குக் காப்பி கொடுத்து வரவேற்றார்கள்.