கடலைப் பார்த்து ஓடியவர்கள்

கிடங்கின் அபாயச் சங்கு அலறியது. ஜெயசெல்வி கையிலிருந்த தேநீரை அப்படியே போட்டுவிட்டு ஓடினாள். ஒத்திகை பத்து மணிக்கு, இப்போது ஒன்பதரைதான். அப்படியென்றால் கசிவு நிஜம்!

தூத்துக்குடித் துறைமுகத்தை ஒட்டி எழும்பியிருந்த அம்மோனியாக் கிடங்கின் பாதுகாப்பு அதிகாரி அவள். நாசரேத்தில் பிறந்து இந்தக் கடற்கரைக்கு வாக்கப்பட்டு வந்தவள். காற்றாலை மின்சாரத்தில் தயாராகும் அம்மோனியா அது. நாளைய கப்பல்கள் கரிப்புகை இல்லாமல் இதில்தான் ஓடும் என்றார்கள். கசிந்தால் மட்டும் ஆளைக் கொன்றுவிடும். அதனால் மீனவர் குடியிருப்பில் ஒரு மாதமாகப் பாடம் நடத்தியிருந்தாள்: சங்கு ஊதினால் ஊருக்குள் இருக்கும் பள்ளிக்கூடத்துக்கு ஓட வேண்டும், கடல் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்கக் கூடாது.

இன்றைய ஒத்திகையைப் பார்வையிட வந்திருந்தார் சத்தியராஜ். புகையைக் குறைப்போம் என்று வாக்குக் கொடுத்த பெரிய நாடுகள் எவ்வளவு தூரம் தேறியிருக்கின்றன என்று ஆண்டுதோறும் மதிப்பெண் போடும் அமைப்பின் ஆள். காகிதத்தில் மட்டும் இருக்கும் திட்டங்களை அவர் சேர்ப்பதில்லை. ஒத்திகை சரி என்று அவர் எழுதினால் கிடங்கு திறக்கும். அந்தப் பட்டியலில் இந்தியாவும் ஒரு படி ஏறும். இல்லையென்றால் ஜெயசெல்வியின் மூன்று வருட உழைப்பு பூட்டிக் கிடக்கும்.

குடியிருப்பே ஓடியது, கடலை நோக்கி. மீனவப் பெண் டெல்பின் நைட்டிமேல் கிடந்த துண்டைச் சுழற்றிக்கொண்டு தண்ணீரிலேயே இறங்கிவிட்டாள்.

"ஏலே, கரைக்கு வராதீங்கலே! அங்கனயே நில்லுங்க!"

மீனோடு திரும்பிக்கொண்டிருந்த வள்ளங்கள் தயங்கி நின்றன.

சங்கு ஓய்ந்தது. ஜெயசெல்வியின் செல்போன் அடித்தது. கசிவெல்லாம் இல்லை, வேலை செய்கிறதா என்று பார்க்க யாரோ பொத்தானை அழுத்திவிட்டார்களாம்.

பள்ளிக்கூடத்திலிருந்து மணலில் மூச்சுவாங்க வந்தார் சத்தியராஜ்.

"பாவம்ளா, பள்ளிக்கூடத்துல அவரு மட்டும் ஒத்தையில நின்னிருக்காரு!" என்றாள் டெல்பின். பெண்கள் சிரித்தார்கள். பயம் தெளிந்த சிரிப்பு.

சத்தியராஜும் சிரித்துவிட்டார். ஜெயசெல்வியைத் தனியே அழைத்தார்.

"நேரம் தப்பி ஊதினதை நான் கணக்குல எடுக்கல. பத்து மணிக்கு ஊதுங்க. படகெல்லாம் கரைக்கு வந்திருக்கும், எல்லாரும் ஒழுங்கா பள்ளிக்கூடத்துக்கு வருவாங்க. சரின்னு எழுதிடுறேன். நீங்களும் இவங்களைத் திருப்பத்தான் கடலுக்கு ஓடி வந்தீங்க, இவங்க கேட்கல. உங்க மேல என்ன தப்பு?"

முழங்கால்வரை நனைந்த சுடிதாரோடு நின்றாள் ஜெயசெல்வி. செருப்பு எங்கே போனதென்று தெரியவில்லை.

"சரின்னு எழுதாதீங்க சார். நான் இவங்களத் திருப்ப ஓடி வரல. என் வீட்டுக்காரரு அந்தா அந்த வள்ளத்துல வாராரு."