டாக்டர் என்ன சொல்றார்?

டாக்டர் அடுத்த கட்டிலுக்கு நகர்ந்ததுதான் தாமதம், அம்மா மகளின் முழங்கையைப் பிடித்து உலுக்கினாள்.

"என்னடி சொல்றார்? இவ்வளவு நேரம் பேசினாரே."

டாக்டருக்குத் தமிழில் ஒரு சொல்லும் தெரியாது. அம்மாவுக்கும் அப்பாவுக்கும் ஆங்கிலம் அதே லட்சணம். அதனால் அப்பாவை ஆஸ்பத்திரியில் சேர்த்த நாளிலிருந்து நடுவில் நின்று இங்கே வாங்கி அங்கே கொடுப்பது மகள் வேலையாகிவிட்டது. அவளை விட்டால் வேறு யார்? ஊரில் பாதிப் பேருக்கு ஆங்கிலம் பேசக் கற்றுக்கொடுக்கிறவள். வீட்டில்கூட அவளுக்கு டீச்சர் என்றுதான் பேர்.

வேடிக்கை என்னவென்றால், கடைசியாக எடுத்த வகுப்பே இதுதான்: நடக்கப் போவதை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது. பலகையில் ஒரு கறுப்பு மேகத்தை வரைந்து, தொண்டை கட்டக் கத்தினாள். நீங்களாக நினைத்துச் சொன்னால் 'வில்'. சந்தேகம் என்றால் 'மைட்'. மேகம் கண்ணெதிரே நிற்கிறதா, அப்போது 'கோயிங் டு'. டாக்டர் அப்பாவின் வீங்கிய பாதத்தை அழுத்திப் பார்த்தார், நகங்களைப் பார்த்தார், மானிட்டர் திரையைப் பார்த்தார். பிறகு மூன்றாவது மாதிரியில் சொன்னார். இன்றைக்கு என்றும் சேர்த்தே சொன்னார்.

அப்பா கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு இவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். அம்மாவும் அதையேதான் பார்த்தாள். 

"தேறிடலாம்னு சொல்றார்மா. கொஞ்ச நாள் ஆகலாமாம்."

வகுப்பில் யாராவது இப்படி மொழிபெயர்த்திருந்தால் சிவப்பு மையால் கிழித்திருப்பாள். ஆனால் அம்மாவின் முகம் மலர்ந்ததைப் பார்த்த பிறகு சொன்னதைத் திருப்பி வாங்க அவளுக்குத் தைரியம் வரவில்லை.

"அப்ப நான் வீட்டுக்கு ஒரு நடை போய்ட்டு வந்துடறேன்" என்றாள் அம்மா. "உடம்பெல்லாம் மருந்து நாத்தம். தலைக்கு ஊத்திக்கிட்டு, அப்படியே கட்டிலை ஜன்னல் பக்கம் இழுத்துப் போடணும். இவர் வந்தா காத்து வேணும்னு உயிரை எடுப்பார்."

"நீ என்னத்த இழுப்ப" என்றார் அப்பா. மூச்சு வாங்கியது. "பக்கத்து வீட்டுக்காரனைக் கூப்பிடு."

"அவன் வேற வந்து நிப்பான், தூண் மாதிரி. நீங்க சும்மா படுங்க."

வாழ்நாளெல்லாம் வயரிங் வேலை பார்த்த மனிதர், சும்மா படுப்பது அவருக்கு ஒத்துவராது. மணிக்கட்டில் செருகியிருந்த குழாயை நோண்டினார். அம்மா அந்தக் கையைத் தட்டிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு நடந்தாள். போகாதே என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். டீச்சர் கதவு வரைக்கும் கூடவே போனாள், சொல்லவில்லை.

அதன் பிறகு அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்தாள், எழுந்தாள், ஜன்னல் திரையை இழுத்தாள், வெயில் அப்பா முகத்தில் அடித்தது, மறுபடி மூடினாள். திருத்த வேண்டிய தாள்களை எடுத்து ஒரே வரியைப் பல முறை படித்தாள். அப்பாவின் மூச்சு நின்று நின்று வந்தது. ஐயோ, என்ன காரியம் பண்ணித் தொலைத்தேன். அம்மா இல்லாமல் இவர் போய்விட்டால் அந்த முகத்தில் இனி எப்படி விழிப்பது?

வார்டில் போன் பேச விடமாட்டார்கள். மாடிப்படிக்கு ஓடினாள். அடித்தாள், எடுக்கவில்லை. குளித்துக்கொண்டிருப்பாள். திரும்பி வந்து அப்பாவைப் பார்த்தாள், மறுபடி படிக்கு ஓடினாள். மறுபடியும் எடுக்கவில்லை. போனை எங்கே வைத்தாளோ, மகராசி. மூன்றாம் தடவை போனபோது அம்மா மூச்சிரைக்க எடுத்தாள்.

"கட்டிலை இழுத்தாச்சுடி. நல்லா காத்து வருது."

"அம்மா, உடனே கிளம்பி வா."

"ஏன், என்ன கேக்கறார்?"

"டாக்டர் அப்படிச் சொல்லலைம்மா. இன்னிக்குத் தாண்ட மாட்டார்னு சொன்னார். நான்தான் மாத்திச் சொல்லிட்டேன்."

 அந்தப் பக்கம் போன் துண்டிக்கப்பட்டது.

அவள் திரும்பி வந்தபோது கட்டிலைச் சுற்றித் துணித்தடுப்பு இழுத்துவிடப்பட்டிருந்தது. உள்ளே டாக்டர் நின்றுகொண்டிருந்தார், நர்ஸ் குழாய்களைக் கழற்றிக்கொண்டிருந்தாள். இவள் படிக்கட்டில் நின்ற நேரத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. இப்போது மொழிபெயர்க்க ஒன்றும் இல்லை.

அம்மா வந்தாள். முடியைத் துவட்டக்கூட இல்லை, முதுகெல்லாம் நனைந்திருந்தது. தடுப்பை விலக்கி உள்ளே வந்து அப்பாவின் தாடையைத் தொட்டுப் பார்த்தாள். மகள் பக்கம் திரும்பவில்லை. அவள் நாலு வார்த்தை திட்டியிருந்தால் டீச்சருக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

டாக்டர் தொண்டையைச் செருமினார். நல்ல மனிதர், போகாமல் காத்திருந்தார். நீ வெளியே இருந்தபோது நான் பக்கத்தில்தான் இருந்தேன் என்றார் ஆங்கிலத்தில். உன் அப்பா ஒன்றையே திரும்பத் திரும்பக் கேட்டார், எனக்குப் புரியவில்லை, பதில் சொல்ல முடியவில்லை, அது உறுத்துகிறது என்றார். பிறகு, குழந்தை புதுச் சொல்லைப் பழகுவதுபோல மெதுவாகச் சொல்லிக் காட்டினார்.

"அவ எங்க. அவ எங்க."

அதற்கு என்ன அர்த்தம் என்று டீச்சரைக் கேட்டார்.

அம்மா நிமிர்ந்தாள். வந்ததிலிருந்து முதல் தடவையாக மகளைப் பார்த்தாள்.

"கேக்கறார்ல. சொல்லு."

டீச்சர் சொன்னாள். ஆங்கிலத்தில் சின்ன வாக்கியம்தான். டாக்டர் அம்மாவைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

"சரியா சொன்னியா?"

"சொன்னேன்மா."

அம்மா ஸ்டூலை இழுத்துக் கட்டிலோடு ஒட்டிப் போட்டு உட்கார்ந்தாள்.

"இங்கதாங்க இருக்கேன்" என்றாள், அடுத்த அறையிலிருந்து கூப்பிட்டவருக்குப் பதில் சொல்வதுபோல. அவள் தலையிலிருந்து தண்ணீர் போர்வையின்மேல் சொட்டிக்கொண்டிருந்தது.