ஒன்றரைச் சுற்று

பதவியில் இருந்த ஒரு நீதிபதி, தலையில் குப்பைத்தொட்டியோடு ஏழு சுற்றுச் சுற்றியதைக் கண்ணால் பார்த்த ஒரே மனுஷி இந்தப் பூலோகத்தில் தான்தான் என்று கத்தரியம்மா சொன்னால், கேட்டவர்கள் முதலில் வாயைப் பொத்திக்கொள்வார்கள். அப்புறம் மெதுவாகத் திரும்பி அந்த நீதிபதியைப் பார்ப்பார்கள். பார்க்க வசதியாக அவர் அதே அறையில்தான் உட்கார்ந்திருப்பார். அவளுடைய மகனுக்குப் பெண் கொடுத்த சம்பந்தி அவர்.

"அப்படி ஒண்ணு நடக்கவே இல்லை" என்பார், தீர்ப்பு வாசிக்கிற குரலில். உடனே செய்தித்தாள் முகத்துக்கு முன்னால் எழும்பிவிடும். நெற்றியும், மூக்குத் தண்டில் மூக்குக்கண்ணாடியை நழுவவிடாமல் தாங்குகிற ஒரு புடைப்பும் மட்டும் மேலே தெரியும். குளியலறையில் வழுக்கி விழுந்ததில் வந்த புடைப்பு என்பது அவர் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி.

கத்தரியம்மாவை யாரும் நம்பாததிலும் நியாயம் இருந்தது. ஓய்வு பெறும்வரை திரைப்படத் தணிக்கை அலுவலகத்தில் சண்டைப் படங்களாகப் பார்த்துத் தள்ளியவள். தான் பார்த்த படங்களில் செத்தவர்களைக் கைகோத்து நிற்கவைத்தால் பூமியை இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு, மூன்றாவது சுற்றுக்கு இடம் போதவில்லை என்று மறுபடியும் அடித்துக்கொள்வார்கள் என்பாள். கத்தரி என்பது சினிமாக்காரர்கள் வயிற்றெரிச்சலில் வைத்த பெயர். அவள் அதைப் பட்டம் மாதிரி சூடிக்கொண்டாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மகன் வீட்டில் மதியச் சாப்பாடு முடிந்து எல்லோரும் கூடத்தில் சாய்ந்திருந்தார்கள். மகன் வீட்டிலிருந்தே வேலை பார்க்க ஒரு சக்கர நாற்காலி வாங்கியிருந்தான். அலுவலகங்களில் இருக்குமே, சுழல்கிற மாதிரி, அது. பார்த்ததும் கத்தரியம்மாவின் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்தது. சம்பந்தி அந்த வெளிச்சத்தைப் பார்த்துவிட்டுச் செய்தித்தாளைத் தேடினார். அதற்குள் அவள் ஆரம்பித்துவிட்டாள்.

அவளும் நீதிபதியும் தணிக்கைக்காகப் பார்த்த அந்தப் படத்தில் ஒரு ஹெலிகாப்டர் கட்டடத்துக்குள் புகுந்து மறுபக்கமாக வெளியே வரும். கதாநாயகன் ஓடுகிற ரயிலை இடது கையால் நிறுத்துவான். வலது கையில் கதாநாயகி இருப்பதால் அந்தக் கைக்கு ஓய்வில்லை. நடுவில் ஓர் அலுவலகச் சண்டை. அடியாள் ஒருவன் சக்கர நாற்காலியில் விழுந்து பல்லைக் காட்டுவான். கதாநாயகன் அவன் தலையில் குப்பைத்தொட்டியைக் கவிழ்த்து, நாற்காலியை ஓர் உதை உதைப்பான். நாற்காலி பம்பரமாகச் சுற்றிப் போய்ச் சுவரில் மோதும். அடியாள் எழுந்து, தொட்டியைக் கழற்றி, தூசி தட்டிக்கொண்டு நடந்து போவான்.

அந்த அடியாளைக் கத்தரியம்மா படம் பார்ப்பதற்கு முன்னாலேயே பார்த்துவிட்டாள். தணிக்கை அலுவலக மாடிப்படி ஏறும்போது பெஞ்சில் இயக்குநருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் விறுக்கென்று எழுந்து, "மேடம், நான்தான் அந்த நாற்காலி" என்றான். அவ்வளவு நாளும் அவன் பெரிய பெரிய கதாநாயகர்களுக்கு முதுகாக இருந்தவன். மாடியிலிருந்து விழுந்த முதுகு, நெருப்புக்குள் ஓடிய முதுகு எல்லாம் அவனுடையது. முகம் வருவது இதுதான் முதல் தடவை. வீட்டில் இரண்டு பெண்கள். எங்கப்பா சினிமாவில் இருக்கிறார் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லி, பொய்க்காரிகள் என்று பெயர் வாங்கிக்கொண்டு வந்திருந்தார்கள். அந்தக் காட்சியை வெட்டினால் அவன் முகம் போய்விடும். வெட்டாமல் பெரியவர்களுக்கு மட்டும் என்று முத்திரை குத்தினால், அந்த இரண்டு பெண்களும் தியேட்டர் வாசலோடு திரும்ப வேண்டியதுதான்.

குழுவில் மூன்று பேர். கத்தரியம்மா, இந்த நீதிபதி, அப்புறம் பல்லைப் பிடுங்கும்போதே மன்னிப்புக் கேட்கிற சாதுவான ஒரு பல் டாக்டரம்மா. டாக்டரம்மாவுக்குப் பறக்கிற பற்களைப் பற்றிக் கவலை. நீதிபதிக்குத் துப்பாக்கி ஆகவில்லை. கத்தரியம்மா மட்டும், ஹெலிகாப்டர் இருந்துவிட்டுப் போகட்டும், ரயிலும் இருக்கட்டும், எனக்கு அந்த நாற்காலிதான் உறுத்துகிறது என்றாள். மற்ற இருவரும் சிரித்தார்கள். அவள் விடவில்லை. ரயிலை நிறுத்திப் பார்க்க ஆசைப்படுகிறவனுக்கு முதலில் ஒரு ரயில் வேண்டும்; நாற்காலியை உதைக்கக் கால் இருந்தால் போதும். ரத்தம் எத்தனை படி ஓடுகிறது என்பதை விட, நாளைக்குக் காலையில் யாராவது இதைச் செய்து பார்ப்பார்களா என்பதுதான் கேள்வி என்றாள்.

"புத்தி உள்ள எவனாவது இதைச் செய்வானா?" என்று கேட்டார் நீதிபதி.

அவள் டீ குடித்துவிட்டுப் பேசலாம் என்றாள். அது அவளுடைய பழைய வித்தை. சண்டைப் படம் முடிந்ததும் குழுவை டீக்கு அனுப்பிவிட்டு, அவர்கள் கைகாலைப் பார்த்துக்கொண்டிருப்பாள். வாய் ஒரு கருத்துச் சொல்லும், கால் வேறு கருத்துச் சொல்லும். அவள் காலைத்தான் நம்புவாள். ஒருமுறை ஒரு தமிழ்ப் பேராசிரியர் டீக்கடை வாசலில் தூணை எட்டி உதைத்து, தூண் சாய்ந்துவிட்டது என்று கூடச் சொல்வாள். அது கிடக்கட்டும்.

பக்கத்து அறையில் ஒரு சக்கர நாற்காலி, ஒரு தகரக் குப்பைத்தொட்டி, சுவரோரம் ஓர் இரும்பு பீரோ. இருவரையும் அங்கே விட்டுவிட்டு அவள் டீ கொண்டுவரப் போனாள். திரும்பி வந்து கதவைத் தள்ளுகிறாள், டாக்டரம்மாவின் கால் அந்தரத்தில். நீதிபதி தொட்டிக்குள். நாற்காலி ஏழு சுற்றுச் சுற்றிப் போய் பீரோவில் இடித்த இடிக்கு மாடி அதிர்ந்தது, தெருவில் போன பஸ் நின்றது, ஓட்டுநர் இறங்கி எஞ்சினைத் திறந்து பார்த்தார். நீதிபதியின் இரண்டு தோளிலும் ஆரஞ்சுத் தோல், இராணுவ அதிகாரி மாதிரி. டாக்டரம்மா பயத்தில் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, "ஸாரி சார், ஸாரி சார்" என்று சுவரைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார். தொட்டிக்குள் இருந்தவரும் எதையும் பார்த்திருக்க வழியில்லை. ஆக, பார்த்தது தான் ஒருத்திதான்.

இந்த இடத்தில் கத்தரியம்மா கையைத் தட்டிச் சிரித்துவிட்டு ஒரு தாவல் தாவி அடுத்த காட்சிக்குப் போய்விடுவாள். சொல்லும்போதெல்லாம் அதே இடத்தில் அதே தாவல். அந்த நிமிஷமே தன் மண்டையில் மின்னல் வெட்டியது என்பாள். கதவு வழியாக இயக்குநரைக் கூப்பிட்டு, தொட்டியைக் கழற்றியதும் அந்த ஆளின் முகத்தைப் படம் பிடித்தீர்களா என்று கேட்டாள். பிடித்தோம், நிஜமாகவே அடிபட்டு அலறிவிட்டான், சிரிப்பு கெட்டுவிடும் என்று வெட்டிவிட்டேன் என்றார் இயக்குநர்.

"உதையை வெட்டுங்க. அலறலைப் போடுங்க" என்றாள்.

அவ்வளவுதான். குடும்பத்தோடு பார்க்கலாம் என்று முத்திரை விழுந்தது. முன்னால் ஒரு பல்வரிசையாக மட்டும் வந்துபோன முகம், இப்போது திரை முழுக்க வலியோடு வந்தது. தியேட்டரில் மூத்த பெண் இருக்கையில் ஏறி நின்று, "அது எங்கப்பா" என்று கத்தியதும் மொத்தக் கூட்டமும் எழுந்து நின்றதாம். பாதியைக் கழித்தாலும் நாலு வரிசையாவது எழுந்திருக்கும். சின்னவள் மட்டும் வீட்டுக்குப் போகும் வழியெல்லாம், ரொம்ப வலிச்சுதாப்பா என்று அவன் முதுகைத் தடவிக்கொண்டே வந்தாளாம். அதைச் சொல்வதற்காகவே அவன் ஒருநாள் அலுவலகத்துக்கு வந்துவிட்டுப் போனான்.

"அப்படி ஒண்ணு நடக்கவே இல்லை" என்றது செய்தித்தாள்.

மகன் தாய்க்கும் மாமனாருக்கும் நடுவில் வழக்கமாக வாய் திறக்காதவன். அன்றைக்கு நாற்காலி புதுசு. "அம்மா, நீங்க சொல்ற மாதிரி இது ஓடவே ஓடாது. நான் நிரூபிச்சுக் காட்டறேன்" என்று ஏறி உட்கார்ந்தான். பிளாஸ்டிக் குப்பைத்தொட்டியைக் காலி செய்து தானே தலையில் கவிழ்த்துக்கொண்டான். மனைவியை உதைக்கச் சொன்னான்.

"கல்யாணமான நாளா இதுக்குத்தான் காத்துக்கிட்டு இருக்கேன்" என்று அவள் எழுந்து வந்தாள்.

கத்தரியம்மாவின் சிரிப்பு பாதியில் நின்றது. நாற்காலிக்கு நேர் பின்னால் புத்தக அலமாரி. அதற்குக் கண்ணாடிக் கதவு. அந்த உதையைத் திரையிலிருந்து எடுத்தவள் அவள். எடுத்ததைப் பத்திரமாக வைத்திருந்து இத்தனை வருஷமாகக் கூடம் கூடமாக ஓட்டிக் காட்டிக்கொண்டிருந்தவளும் அவளேதான்.

"வேண்டாம்டா. அடிபடும்" என்றாள்.

"பஸ்ஸும் வந்து நிக்குமாம்மா?" என்றான் மகன், தொட்டிக்குள்ளிருந்து.

மருமகளும் சிரித்தாள். "அத்தை, ஏழு சுத்து வருதான்னு எண்ணிக்கோங்க" என்று கால் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள். நிஜமாகவே அடிபடும் என்று கத்தரியம்மா இன்னொரு தடவை சொன்னாள். அந்த வீட்டில் அவள் வார்த்தை எப்போதும் பாதி விலைக்குத்தான் போகும். இன்றைக்கு அந்தப் பாதிக்கும் ஆளில்லை. வேறு வழி தெரியாமல் செய்தித்தாளைப் பார்த்தாள். "சம்பந்தி" என்றாள்.

மருமகள் காலைத் தூக்கினாள். செய்தித்தாள் இறங்கியது.

"காலைக் கீழ வைம்மா. மாப்பிள்ளை, இறங்குங்க."

நீதிபதி எழுந்து வந்து நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார். தொட்டியை அவரே கழற்றினார். அப்புறம் தன் மூக்குக்கண்ணாடியையும் கழற்றிப் புடைப்பைத் தொட்டுக் காட்டினார்.

"நடந்தது" என்றார்.

குளியலறையில் விழுந்ததாகச் சொன்னீர்களே அப்பா என்று மகள் கேட்டாள். அந்தக் குளியலறையில் தான் ஒருநாளும் வழுக்கியதில்லை என்றார் அவர். பீரோவில் பின்னால் மோதியதும் உடம்பு முன்னால் பாய்ந்தது; தொட்டியின் விளிம்பு மூக்கில் இறங்கியது; எலும்பு உடைந்த சத்தம் தொட்டிக்குள் அவருக்கு எதிரொலித்தது. சட்டை முழுக்க ரத்தம். வெளியே இயக்குநரும் அந்த அடியாளும் நின்றிருந்தார்கள். யாரும் பார்த்துவிடக்கூடாது என்று கத்தரியம்மா முக்கால் கதவைச் சாத்திக்கொண்டு, இடுக்கு வழியாகப் பேசினாள். ஒரு கை கதவில், இன்னொரு கையில் கைக்குட்டையோடு அவர் மூக்கு.

"படத்துல அந்த ஆள் எழுந்து தூசி தட்டிட்டுப் போனான். அதை நம்பித்தான் நான் உட்கார்ந்தேன்" என்றார் மருமகனிடம். "உங்கம்மா கதையிலயும் எனக்கு வலி இல்லை. என் மானத்துக்காக அதை வெட்டிட்டாங்க. நானும் சௌகரியமா இருந்துட்டேன். அதை நம்பித்தான் நீங்க இப்ப உட்கார்ந்திருக்கீங்க."

மகன் எழுந்து, நாற்காலியைச் சுவரோடு தள்ளிவைத்தான். மருமகள் செருப்பை மாட்டிக்கொண்டு, அப்பாவின் மூக்கை முதல் தடவையாகப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

கத்தரியம்மா அதோடு விட்டிருக்கலாம். ஆனால் அவள் கத்தரியம்மா அல்லவா. "அப்ப அந்த ஏழு சுத்து, சம்பந்தி?" என்று கேட்டாள்.

அவர் கண்ணாடியைப் புடைப்பின் மேல் பத்திரமாக உட்காரவைத்து, செய்தித்தாளை விரித்தார்.

"ஒண்ணரை" என்றது செய்தித்தாள். ஒரு பக்கம் புரண்டது. "ஆனா நடந்தது."