நீலப் பை

கண்புரை ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்த தையற்காரம்மா ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. நேரே மெஷினுக்கு மேலே ஆணிகளில் தொங்கிய பைகளிடம் போனார். நிறத்துக்கு ஒரு பை. தைத்து மிஞ்சும் வெட்டுத்துணியை நிறம் பார்த்துப் பிரித்து அதில் போடுவார். பை நிறைந்ததும் அந்த ஒரே நிறத்தில் ஒட்டுப்போர்வை தைப்பார். நிறம் பிரிப்பதில் தன்னை அடித்துக்கொள்ள ஆளில்லை என்று நினைப்பு. நினைத்ததோடு விடாமல் தெருவெல்லாம் சொல்லியும் வைத்திருந்தார்.

நீலப் பையைக் கவிழ்த்தவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. பாதிக்குப் பாதி பச்சை! வெள்ளைப் பையில் இளமஞ்சள். கறுப்புப் பையில் கருநீலம். ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முன்னால் அவரே உட்கார்ந்து பிரித்துப் போட்டவை.

அப்படியானால் இத்தனை வருஷம் தைத்துக் கொடுத்ததெல்லாம்? வாங்கிப்போனவர்கள் முதுகுக்குப் பின்னால் சிரித்திருப்பார்களோ? அடுப்படியில் இருந்த மருமகளிடம் சொல்லவும் வாய் வரவில்லை. எப்படி வரும்? பைகளின் முடிச்சு மாறியிருக்கிறதென்று அவளைக் கரித்துக்கொட்டாத நாள் இல்லை. "என் பையெல்லாம் கலைக்கிறா" என்று எதிர்வீட்டு டீச்சரிடம் மூக்கைச் சிந்தியதும் உண்டு.

கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தெருவைக் கடந்தார். டீச்சர் வீட்டு முற்றத்துக் கொடியில் அவர் தைத்த நீலப் போர்வை காய்ந்துகொண்டிருந்தது. கண்ணாடியைக் கழற்றிவிட்டு மூலைக்கு மூலை புரட்டிப் பார்த்தார். அசல் நீலம். மருந்துக்குக்கூடப் பச்சை இல்லை. தையல் அவருடையதுதான், சந்தேகமே இல்லை. நிறம் மட்டும் எப்படிச் சரியாக வந்தது? பைகளை அவரைத் தவிர இன்னும் ஒருத்திதானே தொட்டாள்!

வேகமாக வீடு திரும்பினார்.

"ஏம்மா, பையைத் தொட்டியா?"

மருமகள் கரண்டியைக் கீழே வைத்தாள். "இந்தத் தடவை சத்தியமா தொடல அத்தை. ஆஸ்பத்திரில உங்ககூடவே இருந்துட்டேன்ல. மாத்தி வைக்க நேரமே கிடைக்கல."

"அப்போ இத்தனை நாளும்?"

"நீங்க குளிக்கப் போறப்ப மாத்தி வச்சிடுவேன். சொன்னா மனசு ஒடிஞ்சிடுவீங்களேன்னுதான். கண்ணைக் காட்டலாம்னு கூப்பிட்டா வரவும் மாட்டீங்க. அதான் எனக்குக் கண்ணு வலின்னு பொய் சொல்லித் துணைக்குக் கூட்டிட்டுப் போய், உங்க கண்ணையும் டாக்டர்கிட்ட காட்டினேன்."

வாங்கிய திட்டையெல்லாம் வாங்கிக்கொண்டு, மாமியார் பெயரைக் காப்பாற்றியதும் அல்லாமல் கண்ணையும் மீட்டுக் கொடுத்திருக்கிறாள். இந்தப் பெண்ணுக்கு எதைச் செய்து ஈடுகட்டுவது? தையற்காரம்மா முந்தானையை எடுத்துக் கண்ணை ஒற்றினார்.

"ஐயோ, அழாதீங்க அத்தை! கண்ணுல தண்ணி படக்கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்கார்."

"அவர் கெடக்கார், விடு."

மருமகளின் ஈரக் கையைப் பிடித்து வாசலுக்கு இழுத்து வந்தார். தெரு முழுக்கக் கேட்கும்படி எதிர்வீட்டைப் பார்த்துக் கூவினார்.

"டீச்சர்! என் மருமக பையைக் கலைக்கிறான்னு உங்ககிட்ட புலம்பினேன்ல? ஆமா, கலைச்சா! அவ கலைச்சதாலதான் உங்க போர்வை நீலமா இருக்கு!"