சக்கரம் பூண்ட கப்பல்

மலாய் நாட்டுச் சுங்கை ஊடாங் எண்ணெய் ஆலைகளின் உச்சியில் இரவெல்லாம் எரிந்த சுடர்கள் வைகறை ஒளியில் வெளிறத் தொடங்க, மஸ்ஜித் தானாவுக்குச் செல்லும் சாலையின் இருமருங்கும் செம்பனைகள் பனி சொட்ட நின்றிருக்க, அவற்றின் நடுவே ஒதுங்கிக் கிடந்த பழைய தோட்டத்து அம்மன் கோயிலில் திருவிழா மணி ஒலித்தது, அன்பரே. தோட்டத்து வீடுகள் இடிபட்டு ஆண்டுகள் பலவாயின. அங்கே வாழ்ந்தோர் செங் வட்டாரத்துத் தொழிற்சாலைகளுக்கும் நகரத்துக் கடைகளுக்கும் பிழைப்புத் தேடிப் பெயர்ந்துவிட்டனர். ஆயினும் அம்மன் அழைத்தால் தட்டமாட்டார்கள்.

இவ்வாண்டு அவர்கள் திரண்டதற்கு இன்னொரு காரணமும் இருந்தது. தோட்டத்துப் பிள்ளையாய்ப் பிறந்து, கவச ஊர்திப் படையணியில் ஓட்டுநனாய்ச் சேர்ந்து, அயல்நாட்டு அமைதிப் பணியில் உயிர்நீத்த கவிநேசனுக்குக் கோயில் முற்றத்தில் நினைவுக்கல் நாட்டியிருந்தனர். பூசை முடிந்ததும் அவனுடைய தோழர்கள் வந்து திரை விலக்குவதாக ஏற்பாடு. அதற்கு முன்னரே ஆவல் பொறாமல் திரையைத் தூக்கிப் பார்த்தாள் அவன் மனைவி தேவமலர்.

பாய்மரமும் கொடியும் அலையுமாய், கல்லில் ஒரு கப்பல் நின்றது. மானம் கப்பலேறிவிட்டது என்று உலகத்தார் பேச்சுக்குச் சொல்வார்கள். தேவமலருக்கோ அது கண்ணெதிரே நடந்தேறியது.

பிழை பிறந்த கதை இதுதான். கவச ஊர்தியை மலாய் மொழியில் 'கெரெத்தா கெபால்' என்பர். கெபால் என்றால் எதுவும் துளைக்க முடியாதது என்று பொருள். கவிநேசனின் தாய் குஞ்சம்மாவின் செவியில் அது முதல் நாளே கப்பலாகிவிட்டது. தன் மகன் கப்பலில் இருக்கிறான் என்று அவள் தோட்டமெங்கும் பெருமை பேச, 'கப்பல் வீடு' என்ற பெயர் அக்குடும்பத்துக்கு ஒட்டிக்கொண்டது. கவிநேசன் அதைக் கேட்டுச் சிரித்தானேயன்றித் திருத்தவில்லை. தேவமலரும் அதை மாமியாரின் செல்லப் பேச்சு என்றே இத்தனை காலம் விட்டுவைத்திருந்தாள்.

ஆனால் அந்தக் கப்பலை விழாக்குழு கல்லில் ஏற்றலாமா? நாடு விடுதலை பெற்ற இளமைப் பருவத்தில் சின்னஞ்சிறு ஊர்திகளோடு தோன்றி, காட்டுச் சாலைகளில் உணவு வண்டிகளுக்குக் காவலாய் முன்சென்று, எல்லைப்புறச் சேற்றில் புதைந்தும் எழுந்தும், நான்கு சக்கரம் ஆறாகவும் மெல்லிய தகடு தடித்த கவசமாகவும் வளர்ந்து, பிற நாட்டுப் பூசல்களில் இருதரப்புக்கும் நடுவே அஞ்சாது நின்ற அணி அது. பின்னே வருவோரை விட்டுவிட்டு முன்னூர்தி திரும்பலாகாது என்பது அதன் எழுதா விதி. அவ்விதிப்படியே கவிநேசன், பாய்ந்துவந்த குண்டுகளுக்கும் ஊரைவிட்டு ஓடிய மக்களுக்கும் இடையே தன் ஊர்தியைக் குறுக்கே நிறுத்தி, கடைசிக் குழந்தை சாலையைக் கடக்கும்வரை அசையாதிருந்து மாண்டான். அந்தத் தோழர்கள் வந்து இந்தப் பாய்மரத்தையா வணங்குவது?

குறையுள்ள பொருளைத் தயங்காமல் திருப்பி அனுப்புவது தொழிற்சாலையில் தேவமலரின் வேலை. விழாக்குழுவினர், ஊர் வழங்கிய பெயர்தானே, இருக்கட்டும் என்று மழுப்பியதை அவள் காதிலே போட்டுக்கொள்ளவில்லை. கல்தச்சன் கிஷனை அழைத்து உளியை எடுக்கச் சொன்னாள். குஞ்சம்மா வந்து கல்லை மறைத்து உட்கார்ந்தாள்.

"கப்பல எடுத்துட்டா எம்புள்ளைக்கு வேற என்னா இருக்கு?" என்றாள்.

அவ்வேளையில் மற்றத் தோழர்களுக்கு முன்பாக வந்து சேர்ந்தார் ஹரிதாஸ். அன்று அதே ஊர்தியில் கவிநேசனுக்குப் பின்னால் அமர்ந்திருந்தவர். நீங்களே சொல்லுங்கள் என்று தேவமலர் கேட்டுக்கொள்ள, அவர் கிழவியின் எதிரே மண்டியிட்டு, ஆறு சக்கரத்தையும் சாலையையும் குழந்தைகளையும் ஒன்று விடாமல் சொன்னார். அவர் சொல்லி முடித்ததும் குஞ்சம்மா கேட்டாள்.

"அப்ப அவன் தண்ணியில மூச்சு முட்டிச் சாகலையா?"

ஹரிதாஸ் இன்னும் அருகே நகர்ந்தார். "தரையிலதாம்மா. புடிச்ச ஸ்டேரிங்க விடாமத்தான் இருந்தான்."

"பெட்டியத் தொறக்க விடலையே. கடல்ல ஆளு கெடைக்கல, வெறும் பெட்டியத்தான் பொதைக்கிறாங்கன்னு நெனச்சேன்."

அடக்கம் நடந்த நாள்தொட்டு மாமியார் அந்த இடுகாட்டுப் பக்கமே போனதில்லை. கால்வலி என்று எல்லோரும் நம்பினார்கள். கல்நெஞ்சு என்று தேவமலரே ஒருமுறை மனத்துக்குள் வைததுண்டு. தினந்தினம் ஒரு கடலில் மகனைத் தேடிக்கொண்டிருந்த தாய் இவள் என்பதை யார் கண்டார்கள்!

"பெட்டியில இருந்தது அவருதான் அத்தை," என்று தேவமலர் மாமியாரின் கைகளைப் பற்றிக்கொண்டாள். "கேம்ப்ல, மூடுறதுக்கு முன்ன, நான் பாத்தேன். மொகம் தூங்குற மாதிரி இருந்துச்சு."

குஞ்சம்மா கல்லை விட்டு எழுந்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சக்கரம் போடுப்பா," என்றாள். "பெருசாப் போடு."

"ஆளுங்க வர நேரமாச்சுலா பாட்டி, கப்பல அழிக்க முடியாது," என்றான் கிஷன். அழிக்க முடியாவிட்டால் என்ன, அடியில் சக்கரத்தைப் பூட்டு என்றாள் தேவமலர். அவ்வாறே அலைகளின்மேல் ஆறு சக்கரங்கள் ஆழமாய் விழுந்தன. கறுப்புத் தொப்பி அணிந்து அணிவகுத்து வந்த தோழர்கள், உலகில் எந்த நாட்டுப் படையும் கண்டிராத அந்த ஊர்தியைப் பார்த்தனர். ஒருவரும் நகைக்கவில்லை, நிமிர்ந்து நின்று வணக்கம் செலுத்தினர்.

விருந்துக்குக் குஞ்சம்மா அமரவில்லை. மகனிடம் அழைத்துப் போகச் சொன்னாள். செம்பனைகளின் ஊடே அவள் மெல்ல நடக்க, முந்திச் செல்ல ஒருவரும் துணியாமல் படையணி முழுதும் அவள் நடைக்குத் தன் நடையைக் குறைத்துக்கொண்டு பின்தொடர்ந்தது. இடுகாட்டில் மருமகள் காட்டிய மேட்டின்மேல் கையை வைத்து, "இங்கதான் இருந்தியா," என்றாள்.

அந்தப் படையணி காத்த ஊர்கள் பல, கடந்த களங்கள் பல, அன்பரே. அன்று அது ஒரு தாய்க்கு அவள் மகன் கிடக்கும் மண்ணைக் காட்டிக் கொடுத்தது. அவள் மாலைவரை அவ்விடம் விட்டு எழவில்லை.