அகலவாக்கில் ஒரு நீச்சல்

பல் ஆஸ்பத்திரியில் வருகிறவர்களுக்கு டோக்கன் கொடுத்து உட்கார வைப்பது அவள் வேலை. அதனால் ஊரில் எல்லாருக்கும் அவள் டோக்கன் அக்காதான். நாற்பத்தாறு வயது. வீங்கிய கன்னத்தைப் பிடித்துக்கொண்டு ஆகாயத்துக்கும் பூமிக்கும் குதிக்கிற எந்த ஆளையும் ஒரே பார்வையில் நாற்காலியில் அமர்த்திவிடுவாள். ஆனால் முழங்காலுக்கு மேலே தண்ணீர் ஏறினால் அவளுக்கே கைகால் உதறும்.

வருடத்துக்கு ஒருமுறை ஆஸ்பத்திரி ஆட்கள் எல்லாரும் சேர்ந்து ஏரிக்கோ கடற்கரைக்கோ போவது வழக்கம். டாக்டர் முதல் தரை துடைக்கிறவர் வரை தண்ணீரில் விழுந்து கும்மாளம் போடுவார்கள். அக்கா மட்டும் கரையில் உட்கார்ந்து எல்லாருடைய செருப்புக்கும் போனுக்கும் காவல் இருப்பாள். பத்தொன்பது வருடமாக இதே உத்தியோகம். இந்த வருடம் டாக்டர் தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். ஒரு வார்த்தை கேட்காமல் அவள் மடியில் வைத்துவிட்டு ஏரியைப் பார்த்து ஓடினார். அவளுக்குச் சுருக்கென்றது. திரும்பி வரும் வேனிலேயே நீச்சல் கற்றுக்கொண்டுவிடுவது என்று முடிவு கட்டினாள்.

இந்த முடிவை முதலில் மோப்பம் பிடித்தவள் நாத்தனார். பக்கத்துத் தெருவில் அழகு நிலையம் வைத்திருப்பவள். வாழ்க்கையை மாற்றிக்கொள்வது எப்படி என்று ஒரு ஓட்டலில் நடந்த இரண்டு நாள் வகுப்புக்குப் போய்விட்டு வந்ததிலிருந்து, யாருடைய வாழ்க்கையை மாற்றலாம் என்று கை துறுதுறுத்துக் கொண்டிருந்தவள்.

"தண்ணில இறங்குறதுக்கு முன்னாடி மனசுல இறங்கணும் அண்ணி. தினம் காலையில கண்ணாடி முன்னாடி நின்னு 'நான் ஒரு மீன்'னு இருபத்தோரு தடவ சொல்லுங்க. சாயங்காலம் கண்ண மூடிக்கிட்டு, குளத்தோட இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நீந்திப் போற மாதிரி பாருங்க. பார்த்தது அப்படியே நடக்கும்."

"நீ என்னத்தப் பார்க்கிற?"

"ரெண்டாவது கடை திறக்கிற மாதிரி."

"திறந்தாச்சா?"

"இன்னும் பார்த்துக்கிட்டுத்தான் இருக்கேன் அண்ணி."

மறுநாள் காலை குளியலறையிலிருந்து "நான் ஒரு மீன், நான் ஒரு மீன்" என்று சத்தம் வந்தது. அவள் கணவர் லிஃப்ட் மெக்கானிக். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலில் நின்று கேட்டார். பதினாலு, பதினஞ்சு வரை பொறுத்தார்.

"மீனம்மா, எனக்கு வேலைக்கு நேரமாச்சு. கொஞ்சம் கரையேறுறீங்களா?"

"நடுவுல பேசாதீங்க, எண்ணிக்கை தப்பிடுச்சு!" என்று அவள் மறுபடியும் ஒன்றிலிருந்து ஆரம்பித்தாள்.

சாயங்காலம் சோபாவில் சாய்ந்து கண்ணை மூடுவாள். நீலத் தண்ணீர், வெயில், இரண்டு பக்கமும் ஆட்கள். இவள் அம்பு மாதிரி கிழித்துக்கொண்டு போகிறாள். அந்தக் கோடியில் டாக்டர் நின்று கைதட்டுகிறார். அவருக்கு மெல்லத் தலையசைக்கக்கூட அவளுக்கு அவகாசம் இருந்தது. மூன்றே வாரத்தில் அந்தக் குளத்தில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை.

"இன்னிக்கு எத்தனை சுற்று?" என்பார் கணவர்.

"எட்டு."

"மூச்சே வாங்கலையே. பெரிய ஆளுதான் நீ."

நான்காவது வாரம் நகராட்சி நீச்சல் குளத்தில் பணம் கட்டிச் சேர்ந்தாள். உள்ளே நுழைந்ததும் மருந்து கலந்த தண்ணீரின் நெடி மூக்கில் ஏறியது. ஈரத் தரை வழுக்கியது. கூரையில் பட்டு எல்லார் குரலும் இரண்டாகத் திரும்பி வந்தது. எதிரே ஒரு இரும்பு ஏணி தண்ணீருக்குள் இறங்கியது. அதைப் பார்த்ததும்தான் அவளுக்கு உறைத்தது. இத்தனை நாள் கற்பனையில் அவள் எப்போதும் நடுக்குளத்திலிருந்தே கிளம்பியிருக்கிறாள். குளத்துக்குள் எப்படி இறங்கினாள் என்பதை ஒருநாளும் பார்த்ததில்லை.

மூன்று படி இறங்கினாள். தண்ணீர் இடுப்புக்கு வந்தது. அங்கேயே நின்றுவிட்டாள்.

"அக்கா, கையை விடுங்க" என்றாள் பயிற்சி கொடுக்கிற பெண். கழுத்தில் விசில், இருபத்தைந்து வயது இருக்கும்.

"விட்டுட்டேன் டீச்சர்."

"இல்லக்கா. ரெண்டு கையும் ஏணியிலதான் இருக்கு."

அக்கா குனிந்து பார்த்தாள். உண்மைதான். "நான் ஒரு மீன்" என்று முணுமுணுக்க வாயைத் திறந்தாள். யாரோ குதித்ததில் கிளம்பிய அலை வாய்க்கும் மூக்குக்குமாக வந்து அடித்தது. இருமி, தும்மி, கண் சிவந்து மேலே ஏறி வந்தபோது, மிதவையைக் கட்டிக்கொண்டு வரிசையில் நின்ற ஐந்து வயதுப் பிள்ளைகள் அத்தனை பேரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வீட்டுக்கு வந்து மூலையில் உட்கார்ந்தாள். கணவர் கேலி பேச வாயெடுத்தவர், முகத்தைப் பார்த்ததும் அடக்கிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார்.

"எந்த இடத்துல நின்னுச்சு?"

"என்னது?"

"லிஃப்ட் நின்னுபோச்சுன்னு கூப்பிட்டா நான் இதைத்தானே முதல்ல கேப்பேன். எந்த இடத்துல நின்னுச்சு?"

"மூணாவது படியில" என்றாள். அப்புறம் ஒவ்வொன்றாக வெளியே வந்தது. கம்பி ஜில்லென்று இருந்தது. மூக்கில் தண்ணீர் ஏறி நெற்றி வரைக்கும் எரிந்தது. காது அடைத்துக்கொண்டது. பிள்ளைகள் பார்த்தார்கள். சொல்லச் சொல்ல அவளுக்கே பளிச்சென்றது. பார்க்க வேண்டியது இதையெல்லாம்தான். கைதட்டலை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், அது எங்கும் ஓடிவிடாது.

அடுத்த நாளிலிருந்து சோபாவில் கண்ணை மூடி ஏணியில் இறங்கினாள். ஒரு படி, இரண்டு படி, மூன்றாவது படி. மூக்கில் தண்ணீர் ஏற்றினாள், இருமினாள், பிள்ளைகளைச் சிரிக்க வைத்தாள், ஒரு கையை விட்டாள். காலையில் கண்ணாடி முன்னால் சொல்வதும் மாறியது: "மூக்குல தண்ணி ஏறும். ஏறினா இறங்கும்."

அதைக் கேட்ட நாத்தனார் பதறிப்போனாள். "ஐயோ அண்ணி! இப்படி எதிர்மறையா சொல்லவே கூடாது!"

"இது எதிர்மறை இல்லடி, தண்ணி."

பிறகு வாரம் மூன்று நாள், வேலை முடிந்ததும் நேராகக் குளத்துக்குத்தான். இரண்டாவது வாரம் ஒரு கையை விட்டாள். நான்காவது வாரம் இரண்டு கையையும் விட்டாள். ஆறாவது வாரம் மல்லாந்து மிதந்து, கூரையில் எத்தனை விளக்கு எரியவில்லை என்று எண்ணிச் சொன்னாள். பத்தாவது வாரம், ஆழமில்லாத பக்கத்தில் அகலவாக்கில் ஒருமுறை நீந்திப் பார்க்கச் சொன்னாள் பயிற்சிப் பெண்.

சுவரை உதைத்துக் கிளம்பினாள். அம்பு கிம்பு ஒன்றுமில்லை. கால் கீழே இழுத்தது, உடம்பு கோணிக்கொண்டு போனது. பாதி வழியில் மூக்கில் தண்ணீர் ஏறியது. வழக்கமாக வருகிற ஆள் வாசலில் நிற்பது போலத்தான் இருந்தது அவளுக்கு. ஊதி வெளியே தள்ளிவிட்டுக் கையை வீசினாள். நேரே போக வேண்டியவள் பக்கவாட்டில் மூன்று கெஜம் தள்ளிப் போய் எதிர்ச்சுவரைத் தொட்டாள்.

நிமிர்ந்து பார்த்தாள். யாரும் கைதட்டவில்லை. பயிற்சிப் பெண் முதுகைக் காட்டிக்கொண்டு, ஈரத் தரையில் ஓடிய ஒரு குழந்தையை அதட்டிக்கொண்டிருந்தாள். திரும்பியவள் திகைத்தாள்.

"அக்கா! நீங்க எப்போ இந்தப் பக்கம் வந்தீங்க?"

"இப்பத்தான்."

"நீந்தியா?"

"பின்னே, பறந்தா வந்தேன்?"

"நான் பார்க்கலையே. இன்னொரு தடவ வாங்கக்கா, கணக்குல சேர்க்கணும்ல."

அக்காவுக்கு வந்த கோபத்தில் பயம் இருந்த இடம் தெரியவில்லை. அதே மூச்சில் திரும்பி நீந்தினாள். இந்தத் தடவை இன்னும் கோணல். பயிற்சிப் பெண் கரையோரமாகவே நடந்து வந்து, அவள் சுவரைத் தொட்டதும் விசிலை ஒரு ஊது ஊதினாள். மிதவைப் பிள்ளைகள் என்ன ஏதென்று தெரியாமலே ஓவென்று கத்தினார்கள்.

வீட்டில் கணவர் முழுக் கதையும் கேட்டார். கேட்டுவிட்டு இன்னொரு தடவை முதலிலிருந்து சொல்லச் சொன்னார்.

"நீளவாக்குலயா, அகலவாக்குலயா?"

"அகலம்தான்" என்றாள், குரலைத் தாழ்த்தி.

"அகலமும் தூரம்தானே" என்றார் அவர். "அப்புறம்? மூக்குல தண்ணி ஏறிச்சு. சொல்லு."

அவள் ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டே, கையை வீசிக் காட்டிச் சொல்ல ஆரம்பித்தாள்.